பின்னால் வரும் டைனோசர்

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைலாஷ் மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது யாரும் தடுக்கவில்லை. பெற்ற அம்மாவே குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

கொடுக்க மாட்டாளா பின்னே, காசி யாத்திரை ஆயிற்றே. மாப்பிள்ளை சம்சாரமே வேண்டாமென்று குடையும் தடியுமாகக் காசிக்குக் கிளம்புவார். பெண்ணின் அப்பா தேங்காயோடு வழிமறித்து, போக வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன் என்று கெஞ்சித் திருப்பி அழைத்து வருவார். அதன் பிறகுதான் முகூர்த்தம். கரமனை அக்கிரகாரத் தெருவில் காசி மொத்தமே பத்தடி தூரம்தான்.

வீடியோ எடுக்க வந்த மலையாளி ஸ்ரீகுமாருக்கு அந்தப் பத்தடி போதவில்லை.

"சாரே, ஒரு இருபதடி ஓடினா மதி. பின்னால டைனோசர் வரும்."

கைலாஷ் சட்டென்று திரும்பிப் பார்த்தான். "என்னது வரும்?"

"டைனோசர். கம்ப்யூட்டர்ல பின்னே சேக்கறதாக்கும். ஸ்ரீலக்ஷ்மி மேடத்தோட ஐடியா."

மண்டப வாசலில் கல்யாணப் பெண் ஸ்ரீலக்ஷ்மி மாலையும் கழுத்துமாக நின்று, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

நிச்சயம் ஆன நாளிலிருந்து அவளிடம் அவன் எதையும் மறைத்ததில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதைக்கூடச் சொல்லியிருந்தான். இது ஒன்றைத்தான் சொல்லவில்லை. ஏழு வயதில் டிவியில் ஒரு டைனோசர் படம் பார்த்தான். இப்போது இருபத்தொன்பது, இன்னும் அந்தப் பயம் போகவில்லை.

டெக்னோபார்க் ஆபீசுக்கு வெளியே கனமான லாரி போய், டம்ளரில் தண்ணீர் நடுங்கினால் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுவான். படத்தில் டைனோசர் வருமுன் தண்ணீர் அப்படித்தான் நடுங்கும். அசையாமல் இருந்தால் அதன் கண்ணுக்குத் தெரியாது என்பது அவன் நம்பிக்கை. மேனேஜர் அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொண்டு டீம் லீடர் ஆக்கிவிட்டார்.

ஆபீசை ஏமாற்றலாம். இங்கே இருநூறு பேர் முன்னால், அதுவும் ஸ்ரீலக்ஷ்மி முன்னால், குட்டு உடைந்தால் ஜென்மத்துக்கும் தலை நிமிர முடியாது.

"நெஜமா ஒண்ணும் வராதோன்னோ?" என்று மெல்லக் கேட்டான்.

"வராது சாரே. எல்லாம் எடிட்டிங்."

வாத்தியார் பொறுமை இழந்துகொண்டிருந்தார். "பொண்ணோட அப்பா எங்கே? தேங்காயும் கையுமா இங்க நிக்க வேண்டியவர், ஆளையே காணும்."

பெண்ணின் அப்பா சேஷன், செக்ரட்டேரியட்டில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. மகள் கேட்டால் மட்டும் எதற்கும் மறுபேச்சு பேசாமல் தலையாட்டுவார்.

"அப்பா வந்துண்டே இருக்கார், வாத்தியார் மாமா. நீங்க ஆரம்பிங்கோ" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

கைலாஷ் ஓடினான். பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினான். எட்டாவது அடி வைத்தபோது, சமையல்காரர்களின் வேனுக்குப் பின்னாலிருந்து அது வந்தது.

பின்னால் வர வேண்டியது முன்னால் வந்தது. கம்ப்யூட்டரில் வர வேண்டியது தெருவில் வந்தது. எட்டடி உயரம், பழுப்பு நிறம், வாய் கொள்ளாத பல்.

கைலாஷ் அப்படியே நின்றான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அதுவோ ஆடி ஆடி நேராக அவனிடம் வந்து, குட்டைக் கைகளை நீட்டியது. இருபத்திரண்டு வருஷ நம்பிக்கை அந்த இடத்திலேயே பொய்த்துப் போயிற்று.

அப்புறம் நடந்ததற்கு அவன் பொறுப்பில்லை, அவன் கைதான் பொறுப்பு. முதலில் குடை இறங்கியது. குடை வளைந்ததும் தடி. அது என்னவோ உறுமிற்று, உறுமியதற்காக இன்னும் இரண்டு வைத்தான். கடைசி அடியில் 'புஸ்' என்று காற்று இறங்கி, அது நடுத்தெருவில் சுருண்டு விழுந்தது.

வெறும் காற்றடைத்த வேஷம். இதற்கா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று கைலாஷுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. உள்ளே யாரோ வாடகைக்கு வேஷம் கட்டியவனாக இருக்கும், மன்னிப்புக் கேட்டால் போயிற்று.

தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான். நாதஸ்வரம் நின்றுபோயிருந்தது. ஸ்ரீலக்ஷ்மி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெருமை தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஸ்ரீ, சின்ன வயசுலேர்ந்து எனக்கு இதுன்னா ஒரே பயம். ஒன்கிட்ட சொல்லலை. இனிமே கிடையாது."

ஸ்ரீகுமார் மட்டும் கேமராவை நிறுத்தவில்லை.

டைனோசரின் வயிற்றில் ஒரு ஜிப் மெல்ல இறங்கியது. முதலில் ஒரு தேங்காய் உருண்டு வந்தது. அதன் பின்னால், கலைந்த விபூதியும் வீங்கிய நெற்றியுமாகச் சேஷனின் தலை வந்தது.

வாத்தியாருக்கு முகூர்த்தம்தான் முக்கியம். "நாழியாறது. மாப்பிள்ளைகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கோ" என்று எடுத்துக் கொடுத்தார்.

சேஷன் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்ளே, நீங்க காசிக்கே போயிடுங்கோ."