இரண்டுக்கு இரண்டு

மாப்பிள்ளை பெயர் வன்னியபெருமாள், ஊர் குளத்தூர் என்று கேட்டதிலிருந்தே அழகுத்தாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தான்.

"பொண்ணு கையெழுத்தைப் பாக்கணும். அஃபெக்ட், எஃபெக்ட் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எழுதட்டும்."



"எழுதுட்டி! ஒனக்குத் தெரியாததா?" என்று அவசரப்படுத்தினார் அப்பா கருத்தையா.

மாப்பிள்ளையின் பேனாவை வாங்கியவள், முத்து முத்தான தன் எழுத்தை வேண்டுமென்றே கோணல்மாணலாக்கினாள். மழை பருத்தியை அஃபெக்ட் செய்தது. அதன் எஃபெக்டாகக் காயெல்லாம் அழுகியது என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"ஏட்டி, இது என்ன எழுத்து?" அம்மா பல்லைக் கடித்தாள்.

மாப்பிள்ளை நெடுநேரம் தாளைப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

கோவில்பட்டியில் தபாலில் பாடம் நடத்தும் டுட்டோரியலுக்கு அவன் எழுதி, அழகுத்தாய் திருத்தி அனுப்பிய பத்தாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள் அது. அதே கேள்வி. சிவப்பு மையில் பெரிய முட்டை.

"எழுத்தை மாத்திட்டீங்க. ஆனா பழக்க தோசத்துல அடியில டிக் அடிச்சு, ரெண்டுக்கு ரெண்டு மார்க்கும் போட்டுட்டீங்களே!"

அவள் தலை தாழ்ந்தது.

"நான் உங்களைச் சோதிக்கலை. பேப்பர் திருத்துறது நீங்கதான்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். மூணு தடவை முட்டை வாங்கியும் வெளங்காமத்தான் கேட்டேன்," என்றவன் குரலைத் தாழ்த்தினான். "இனிமே தபாலுக்குக் காத்துக் கெடக்க வேண்டாம்லா?"