எண்பத்தேழாவது கேள்வி

அவள் அந்தக் கேள்வியை மறுபடியும் படித்தாள்.

சென்ற ஆண்டு தெற்காசியக் கோப்பையை வென்ற மகளிர் கபடி அணியின் தலைவி யார்?

A, ரோஸ்லின். B, யாரோ. C, இசக்கியம்மாள். D, யாரோ. E, விடை தெரியவில்லை.

இசக்கியம்மாள் அவள்தான்.

நல்ல கூத்து. அவளைப் பற்றி அவளிடமே கேட்கிறார்கள்.

கைடு புத்தகத்தில் 'நாட்டில் ஓராண்டு' என்று நாற்பது பக்கம். அரசியல், கலை, விளையாட்டு. எந்தத் துறைக்கு எந்த மந்திரி, எந்த நாடகத்துக்கு விருது, எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பாள். இந்த ஒரு வரியில்தான் வினை. கைடில் விடை ரோஸ்லின் என்று இருக்கிறது.

புத்தகக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசி ரெய்டில் அவளுக்கு வலது தோள்பட்டை விலகிவிட்டது. கோப்பையைத் தூக்க முடியவில்லை. துணைத் தலைவி ரோஸ்லினிடம் கொடுத்துத் தூக்கச் சொன்னாள். எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம்தான் வந்தது.

பாராட்டு விழாவில் இருவருக்கும் பொன்னாடை போர்த்தி, அரசு வேலை உறுதி என்றார்கள்.

பொன்னாடை மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

அதனால்தான் இந்தப் பரீட்சை. போன தடவை ஒரே ஒரு கேள்வியில் வேலை கைநழுவியது. கேள்வி எடுப்பவர்களும் அதே கைடைத்தான் புரட்டுகிறார்கள் என்று கோச்சிங் சென்டரில் சத்தியம் செய்வார்கள்.

A போட்டால் மார்க்.

பேனா A மேல் நின்றது.

தோள் லேசாக வலித்தது.

போனால் போகட்டும். C வட்டத்தை வெள்ளை தெரியாமல் அழுத்திக் கறுப்பாக்கினாள். அப்பாடா என்றிருந்தது.

மணி அடித்தது.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் கைடை விரித்து வைத்துக்கொண்டு, எண்பத்தேழுக்கு A என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ரோஸ்லின் நின்றாள். பக்கத்து அறையில் அதே பரீட்சையை எழுதியவள். அவளுக்கும் வேலை வரவில்லை. ஒரே கைடைத்தான் இருவரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

ரோஸ்லின் அந்தக் கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவளைக் கண்டதும் சிரித்தாள்.

“ஏட்டி, உன்னத்தான் போட்டேன்.”

இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

தோள் வலிக்கவே இல்லை.

கையில் இருந்தது கேள்வித்தாள்தான்.