வயிற்றுவலி மாத்திரை

விண்கப்பலின் பைலட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் நுழைந்தார்.

“கண்டதையும் தின்னுட்டு என் உயிரை வாங்க வந்துட்டியா? நாக்கை நீட்டு,” என்று எரிந்து விழுந்தார் டாக்டர். திட்டிக்கொண்டே போர்வையைப் போர்த்திவிட்டு மாத்திரை கொடுத்தார். மாத்திரை தித்தித்தது.

வெளியே வந்ததும் பைலட் நிமிர்ந்து நடந்தார். “என் முறை முடிஞ்சுது. நாளைக்கு சமையல்காரருக்கு வயித்துவலி,” என்றார் கேப்டனிடம்.

“ஞாபகப்படுத்து. ஒரு நாள் யாரும் வரலேன்னாலும், தலைமை ஆபீஸ்ல டாக்டரை அடுத்த கிரகத்துல இறக்கிட்டு வைத்தியம் பாக்குற மெஷினை வெச்சிடுவாங்க.”

பின்னால் கதவு திறந்தது. டாக்டர் தலையை நீட்டினார்.

“சமையல்காரரைப் பல்வலின்னு வரச் சொல்லித் தொலைங்க. வயித்துவலிக்குக் கொடுக்கிற மிட்டாய் தீர்ந்துபோச்சு.”