சாமிக்கு ஆகாத பூ

கோமளாவுக்கு ஆபீஸ் விட்டு வீடு சேர எட்டு மணியாகிவிடும். அதன்பின் மொட்டைமாடியில் அரைமணி நேரம் தனியாக உட்காருவாள். அந்த இருட்டிலும் தெரிகிற மாதிரி ஒரு வெள்ளைப் பூச்செடி வாங்கத்தான் நர்சரிக்கு வந்திருந்தாள்.

"நித்யமல்லி எடுத்துக்கங்கம்மா. பெருமாளுக்கு அவ்ளோ விசேஷம்," என்றார் நர்சரிக்காரர்.

"அது வேணாம்."

"அப்ப முல்லை? அதுவும் சாமிக்கு..."

"சாமிக்கு ஆகாத பூவா ஒண்ணு குடுங்க."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோமளாவின் வீட்டில் ஏற்கெனவே முல்லை இருந்தது. பதினோரு வருடமாகச் சாயங்காலமே அதன் மொட்டுகளை ஒன்று விடாமல் பறித்துப் பெருமாள் படத்துக்குச் சாத்திவிடுகிறார் அவள் கணவர் ரங்கநாதன். கேட்டால், "சாமிய விட நீ பெரியவளா?" என்பார்.

எருக்குவியலின் ஓரத்தில் தானாக முளைத்திருந்த வெள்ளை ஊமத்தஞ்செடியைக் கோமளா காட்டினாள்.

"விஷம்மா அது. சிவனுக்கு மட்டும்தான் வைப்பாங்க."

"எங்க வீட்ல பெருமாள் மட்டும்தான்," என்று சொல்லி, அதையே தொட்டியில் வைத்து வாங்கிவந்தாள்.

ஒரு மாதம் கழித்து, காலையில் விரல் நீளத்துக்கு முதல் மொட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். இரவு மாடியேறியபோது காம்பு மட்டும் இருந்தது.

கீழே பூஜை அறையில், பெருமாளுக்குப் பக்கத்தில், புதிதாக ஆணி அடித்து ஒரு சிவன் படம் மாட்டியிருந்தது. அதன் உச்சியில் அந்த வெள்ளைப் பூ.

"உனக்குக்கூட பக்தி வந்துடுச்சே கோமளா," என்றார் ரங்கநாதன், மூடிய கண்ணைத் திறக்காமலே.