நேத்து வச்சது

எழுபது மணி நேரம்.

டப்பாவைத் திறக்காமலே அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு இந்த வீட்டில் விருந்து. அன்று அவளுக்கு லீவு. திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்தபோது பிரியாணி அண்டா தொட்டியில் கிடந்தது. அடிப்பிடித்துக் கருகிக் கிடந்ததை முக்கால் மணி நேரம் சுரண்டியவள் அவள்தான்.

இன்று புதன். மணி பதினொன்று.

"நேத்து வச்சதுதான் லோகு. ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்றாள் சுபத்ரா.

பாத்திரம் தேய்க்கிறவளிடம் சமைத்த தேதியை மறைக்க முடியாது. மூன்று வருடமாகியும் சுபத்ராவுக்கு அது தோன்றவில்லை.

வழக்கமாக டப்பாவைக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள் லோகு. இன்று சமையல் மேடைமேல் அவளுடைய தட்டு எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"இங்கயே சாப்ட்டுட்டுப் போ. என் கண்ணு முன்னாடி."

செக்யூரிட்டி சொல்லிவிட்டான். நேற்று மாலை தெருமுனைக் குப்பைத்தொட்டியில் அவள் டப்பாவைக் கவிழ்த்ததைப் பார்த்தவன், அவள் பஸ் ஏறுவதற்குள் இன்டர்காமில் மேலே சொல்லிவிட்டான்.

"சாப்பாடு வீணாகக் கூடாதுன்னு நான் எவ்ளோ பாடுபடுறேன். நீ என்னடான்னா கொண்டுபோய் குப்பையில கொட்ற. பசியோட எத்தன பேர் இருக்காங்க தெரியுமா?"

தெரியும். காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒரு டீதான்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 'இன்று வீணானது' என்று தலைப்பு. நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு ஒரு பூஜ்யம், பச்சை மையில்.

நாற்பத்தொரு பூஜ்யங்கள்.

போன வாரம் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இந்த அட்டையைப் படம் எடுத்துப் பாராட்டிப் போட்டிருந்தார்கள்.

லோகுவின் கை டப்பாவைத் தொட்டதும் சுபத்ராவின் கை பேனாவைத் தொடும். ஒருநாளும் தவறியதில்லை.

பத்தொன்பதாவது பூஜ்யம், சேமியா. லோகுவின் மகள் மோனிஷா ஆசைப்பட்டுச் சாப்பிட்டாள். விடிவதற்குள் எட்டு முறை வாந்தி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வு அவள் இல்லாமலே நடந்து முடிந்தது.

அதற்குப் பிறகுதான் தெருமுனைத் தொட்டி.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மூன்றாம் மாடியில் வேலை செய்த சரஸா சொன்னாள். 'வாய் ஜாஸ்தி' என்று கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி. நூற்றிருபது வீட்டில் ஒரு வீடுகூட அவளை மறுபடி கூப்பிடவில்லை.

லோகுவுக்கு இந்தக் கட்டடத்தில் நான்கு வீடு.

டப்பாவைத் திறந்தாள்.

சூடு காட்டிய மசாலா வாசனை. அதற்கு அடியில் ஒரு புளிப்பு. விரலை வைத்து எடுத்தாள். சோறு நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது.

"என்ன அப்படிப் பாக்குற? விஷமா வச்சிருக்கேன்?" சுபத்ரா சிரித்தாள். "நேத்து ராத்திரி நாங்களே சாப்ட்டோம்."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய்.

லோகு விரலைத் தட்டின் விளிம்பில் துடைத்தாள்.



வாசனை பிடித்து டோஃபு வந்தது. இந்த வீட்டு நாய். தினமும் காலையில் அதற்குக் கோழியை வேகவைத்து, எலும்பு பொறுக்கி, ஆறவைத்துப் போடுவதும் லோகுவின் வேலைதான். அதன் கிண்ணமும் அவளுடைய தட்டும் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

டோஃபு அவள் காலில் முகவாயை வைத்துக்கொண்டது. அதன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

சுபத்ரா ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

நாற்பத்திரண்டாவது கட்டம்.

லோகு டப்பாவோடு மேடைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தொட்டிக்குக் கீழே கைவிட்டு ஒன்றை இழுத்தாள். தரையில் சில்வர் உரசிக்கொண்டு வரும் சத்தம்.

பேனா நின்றது.

"என்ன பண்ற?"

"எனக்கு வயிறு ரொம்பி இருக்குக்கா. வீணாவக் கூடாதுல்ல? இவன் சாப்பிடட்டும்."

"லோகு..."

"நேத்து வச்சதுதானேக்கா."

டப்பாவைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தாள். சாய்த்தாள். அவசரமே இல்லாமல்.

இடது கை நாயின் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. மேடை மறைத்ததால் சுபத்ராவுக்கு அது தெரியவில்லை. வாலாட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒரு கோழித்துண்டு வழுக்கி விளிம்புக்கு வந்தது.

"ஐயையோ, அவனுக்குப் போடாத லோகு! வயித்துக்கு ஆகாது! அது ஞாயித்துக்கிழம வச்சது!"