குட்டிக் கணினிக்குத் தனி வயர்

மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது. நூலகத்தின் வெளிச்சுவரில் பதித்த பெட்டியைத் திறந்துவைத்து ஏணியில் நிற்கிறாள் மகள். கீழே ஏணியைப் பிடித்திருக்கிறார் பேருந்து ஓட்டுநரான அப்பா. பெட்டிக்குள் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கணினி. சுவர் நிறைய ஓடும் விளக்குகளை ஆட்டிவைப்பது அதுதான். விளக்குச் சரத்தின் கடைசியில் அதைக் கோத்தது நேற்றைய தவறு. எல்லா விளக்கும் ஒன்றாக வெள்ளையானதும், அவை குடித்தது போக மிஞ்சிய மின்சாரம் போதாமல் கணினி மயங்கி, பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் சுவரே இருண்டுபோனது. "அண்ணே, உங்க பொண்ணு விளக்கேத்தப் படிச்சாளா, அணைக்கப் படிச்சாளா?" என்று சிரித்த அப்பாவின் தம்பி இன்றும் பக்கத்தில்தான் நிற்கிறார். "இன்னிக்கு இதுக்குத் தனி வயர்ப்பா. யாரோட மிச்சமும் வேண்டாம்" என்று சொல்லி, மழைநீர் புகாதபடி ரப்பர் பட்டையை அழுத்தி மூடியைத் திருகுகிறாள் மகள். விளக்குகள் நீலமாகின்றன, மெல்லப் பச்சையாகின்றன. சட்டென்று சுவர் முழுக்க வெள்ளை. அப்பா ஏணியை இறுகப் பிடிக்கிறார். அணையவில்லை. மகளின் கழுத்து வியர்வையும் ஏணியின் துருவும் பகல்போலத் தெரிகின்றன. "என்னண்ணே, கண்ணு கூசுதே!" என்று தம்பி நெற்றியில் கைவைத்து மறைக்கிறார். "கூசட்டும்டா, நல்லா கூசட்டும்" என்கிறார் அப்பா.