காலியிட விவரம்

‘காலியிட விவரம்’ என்று கதவில் போர்டு தொங்கியது. அப்பாடா என்று உள்ளே நுழைந்தாள் தையல்காரி. அவள் வேலை பார்த்த துணிக் கம்பெனியை மூடி இரண்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க்கின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“என்ன வேலை தெரியும்?”

“தையல் சார். காலர், கை எல்லாம் சுத்தமா வரும்.”

“வீடு?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. நடந்து போற தூரத்துல கிடைச்சா நல்லது சார். பொண்ணு சின்னவ.”

ஒரு சீட்டில் கிறுக்கிக்கொண்டார். “வெளியில உக்காருங்க.”

உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. அவளுக்குப் பின்னால் வந்தவரை உள்ளே கூப்பிட்டார் கிளார்க். அவர் கேட்டது வெளியே அவள் காதிலும் விழுந்தது.

“எத்தனை சதுர அடி வேணும்? கிழக்கு பார்த்தா, வடக்கு பார்த்தா?”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைக்கு எதற்குச் சதுர அடி? தையல் மெஷின் கிழக்கு பார்த்தால் என்ன, வடக்கு பார்த்தால் என்ன?

அந்த ஆள் வெளியே வந்ததும் கேட்டாள். “உங்களுக்கு என்ன வேலைண்ணே சொன்னாரு?”

“வேலையா? நான் நில புரோக்கர்மா. இது காலி மனை விவரம் சொல்ற ஆபீஸ். உங்களைச் சும்மா உக்கார வெச்சிருக்காரு மனுஷன்.”

விறுவிறுவென்று உள்ளே போனாள்.

“ஏன் சார், மனை ஆபீஸ்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்ல? வேலை இல்லாதவங்கன்னா அவ்வளவு இளக்காரமா?”

போனில் பேசிக்கொண்டிருந்த கிளார்க் அதை வைத்துவிட்டுச் சீட்டை நீட்டினார். மூன்று முகவரிகள். ஒவ்வொன்றிலும் யாரைப் பார்க்க வேண்டும் என்றுகூட எழுதியிருந்தது.

“மூணாவது இடத்துல ஆள் தேவையாம். இப்பதான் பேசினேன். மூணு மணிக்குள்ள போங்க.”

அவளுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. “அப்ப இது மனை ஆபீஸ் இல்லையா சார்?”

“மனை ஆபீஸ்தான். வேலை விவரம் எதிர் ரூம்ல சொல்லிட்டிருந்தாங்க. போன வருஷம் மூடிட்டாங்க. போர்டு குப்பையில கிடந்துச்சு. எடுத்து என் கதவுல மாட்டிக்கிட்டேன்.”

“பெரிய அதிகாரி பார்த்துக் கேட்டா?”

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “காலியிடம்னுதானே போட்டிருக்கு. எந்தக் காலியிடம்னு போடலையே.”